படுவான்கரைச் சேறும் ஒரு பச்சை டாங்கியும்: மொடலுக்கு நிறம் பூசிப் பழசாக்கும் செய்முறை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் பெரியப்பாவுக்கு வயல் இருக்கிறது. சேற்று உழவு முடிந்து அவருடைய உழவு இயந்திரம் வீதிக்கு ஏறி வந்து நின்றால், நான் முதலில் குனிந்து பார்ப்பது பின் சில்லுக்கு மேலுள்ள மட்காட்டின் உட்புறத்தைத்தான். அங்கே சேறு அப்பிக் கிடக்கும். ஓரம் காய்ந்து வெளிறியிருக்கும், நடு இன்னும் ஈரமாய்க் கறுத்திருக்கும். கால் வைத்து ஏறும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து இரும்பு மினுங்கும். அச்சில் கிறீஸ் கசிந்த இடத்தில் புழுதி ஒட்டிக் கறுப்பாகியிருக்கும். எஞ்சின் மூடியின் மேற்பக்கம் வெயிலில் மங்கி, பக்கவாட்டை விட வெளிறித் தெரியும். ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் டாங்கியை இரும்பு போலக் காட்ட எனக்குத் தெரிந்ததில் பாதி இந்த இயந்திரத்திடம் படித்தது.

எங்கள் மாவட்டத்தில் கவச வாகனம் என்றதும் பலருக்கு வேறு நினைவுகள் வரும். என் முதல் மொடலை அம்மா முன் அறையில் வைக்க விடவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது, என் அறைக்குள் எடுத்துக்கொண்டேன். மழையும் வெயிலும் மண்ணும் சேர்ந்து ஓர் இரும்பை என்ன செய்கின்றன என்று பார்ப்பதில் எனக்கு இருக்கும் ஆசைதான் என்னை இதில் வைத்திருக்கிறது. உங்களுக்கும் அந்த ஆசை இருந்தால் தொடருங்கள்.

பழகுவதற்கு நான் சொல்லும் வாகனம் இரண்டாம் உலகப் போரின் சோவியத் டாங்கியான ரி-34/85. 1944இன் தொடக்கத்தில் களத்துக்கு வந்தது. முழுவதும் ஒரே பச்சை, தட்டையான பெரிய பரப்புகள், பக்கத்துக்கு ஐந்து பெரிய சில்லுகள். ஜேர்மன் டாங்கிகளின் மூன்று நிறக் கோலங்களை முதல் மொடலிலேயே தொட வேண்டாம்.

அளவு 35இல் ஒரு பங்கு. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி ஒன்றைச் செய்தபோது, உள்ளே மின்கலம் அடங்க வேண்டுமென்று தேர்ந்த அளவு இது. இன்று உலகம் முழுவதும் கவச வாகன மொடலுக்கு இதுதான் பொது அளவாகிவிட்டது. இந்த 35 என்ற எண்ணை மறக்காதீர்கள். மொடலில் நீங்கள் வைக்கும் 1 மில்லிமீற்றர் புள்ளி, உண்மையில் மூன்றரை சென்ரிமீற்றர் காயம். கல்லடிக் கடற்கரையில் அள்ளிய மணலில் 1 மில்லிமீற்றர் பருமனான ஒரு மணி, மொடலின் மேல் ஒரு கருங்கல் துண்டு. பழகுபவர்களின் மொடல் பொம்மை போலத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் நிறம் அல்ல, இந்தக் கணக்குத் தப்பிப் போவதுதான்.

வாங்க வேண்டியவை

கிட்டும் (மொடலின் பாகங்கள் அடங்கிய பெட்டி) அக்ரிலிக் பெயின்ட்டும் கொழும்பிலிருந்தோ இணையத்திலோ எடுக்க வேண்டியிருக்கும். மற்றதெல்லாம் ஊரிலேயே சமாளிக்கலாம். புத்தகக் கடையில் ஒயில் பெயின்ட் சிறு குழாய்கள்: கடும் கபிலம், கறுப்பு, வெள்ளை, காவி மஞ்சள். அங்கேயே சோக்குப் பாஸ்டல் ஒரு பெட்டி. எண்ணெய்ப் பாஸ்டல் வேண்டாம், அதைத் தூளாக்க முடியாது. 6பி பென்சில் ஒன்று. ஹாட்வெயார் கடையில் டேர்பன்டைன், நைஸ் சாண்ட் பேப்பர், மர வேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசை. பாமசியில் ஊசியில்லாத சிறிஞ்ச் இரண்டும் முகக்கவசமும். பிரஷில் மட்டும் காசு பார்க்காதீர்கள். ஒரு சென்ரிமீற்றர் அகலத் தட்டை பிரஷ் ஒன்றும் நுனி கூரான சிறியது ஒன்றும் நல்லதாக இருந்தால் போதும். எயார் பிரஷ் இப்போது தேவையில்லை.

ஒன்று முக்கியம். ஹாட்வெயார் கடையில் "தின்னர்" என்று கேட்டால் லக்கர் தின்னரைத் தருவார்கள். மொடலின் பிளாஸ்டிக் பொலிஸ்டைரீன்; அந்தத் தின்னர் அதைக் கரைத்துவிடும். என் முதல் டாங்கியின் பின்பக்கம் அப்படித்தான் இளகிப் போனது. டேர்பன்டைன் வேறு, தின்னர் வேறு.

படி 1: கழுவுதல்

ஒட்டி முடித்த உடல், டரட் (மேலே சுழலும் பீரங்கிக் கூடு), சில்லுகள், சங்கிலி இவற்றை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் பழைய டூத் பிரஷால் மெல்லத் தேய்த்துக் கழுவி, ஓர் இரவு காயவிடுங்கள். அச்சிலிருந்து பிளாஸ்டிக்கைக் கழற்றப் பூசிய எண்ணெய் மேலே இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

படி 2: பிரைமர், அதோடு எங்கள் காலநிலை

சாம்பல் நிற ஸ்பிறே பிரைமர், அதாவது பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு. வாகனத்துக்கு அடிக்கும் ரின்னையும் பாவிக்கலாம், ஆனால் முதலில் கிட்டில் மிஞ்சிய சட்டத் துண்டில் அடித்துப் பாருங்கள். 25 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை. வெளியில் நின்று, முகக்கவசத்தோடு, அடுப்புக்குத் தூரமாக.

மட்டக்களப்பில் இருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். கார்த்திகை தொடங்கித் தை வரை மாரி. அந்த நாட்களில் வாவிப் பக்கமிருந்து வரும் காற்றே ஈரமாக இருக்கும். ஸ்பிறேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது, பூச்சு பனி மூடியதுபோல் வெள்ளையாகிவிடுகிறது. மார்கழியில் ஒரு பின்னேரம் மற் (மினுங்காத) வார்னிஷ் அடித்து, இரண்டு கிழமை வேலையை இப்படி இழந்தேன். மாரியில் ஸ்பிறே அடிக்கத்தான் வேண்டுமென்றால், மழை விட்டு வெயில் எறித்த நாளில், மதியத்தை ஒட்டி அடியுங்கள். ரின்னைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தெடுங்கள், கொதிநீர் கூடாது.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிரச்சினை எதிர்ப்பக்கம். அக்ரிலிக் பிரஷிலேயே காய்ந்துவிடும், புழுதியும் பறந்து வந்து ஒட்டும். யன்னலைச் சாத்திவிட்டு, காலை வெள்ளென வேலை செய்வேன். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஈரமான ரிசுத் தாளை மடித்துப் போட்டு, அதன்மேல் கேக் வேகவைக்கும் தாளை விரித்து அதில் பெயின்ட்டைக் கலந்தால் மணிக்கணக்காக இளக்கமாக இருக்கும்.

படி 3: அடிப்படைப் பச்சை

சோவியத் பச்சை கொஞ்சம் மஞ்சள் கலந்த இருண்ட பச்சை. போத்தலில் உள்ளபடி பூசினால் சிறிய மொடலில் மிகவும் கறுத்துத் தெரியும். அதனால் வெளிறச் செய்ய வேண்டும். வெள்ளை சேர்க்காதீர்கள், பச்சை சுண்ணாம்பு பிடித்த மாதிரி ஆகிவிடும். மஞ்சளோ மணல் நிறமோ சில துளி சேருங்கள்.

பால் போல ஓடும் அளவுக்குக் கரைத்துத் தட்டை பிரஷால் பூசுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாக அசிங்கமாகத்தான் இருக்கும். காயும் முன் திரும்ப அதே இடத்தைத் தொட்டால் கீழே உள்ளதும் கிளம்பி வரும். ஒரு மணித்தியாலம் விட்டு அடுத்தது. மூன்று நான்கு மெல்லிய பூச்சில் பச்சை தானாகச் சமமாகும்.

சில்லுகளின் ஓரம் ரப்பர். அதற்குத் தனிக் கறுப்பு வேண்டாம், கடும் சாம்பல் பூசுங்கள். பாவித்த ரயர் எதையாவது பாருங்கள், அது கறுப்பாகவா இருக்கிறது?

படி 4: அடையாளங்கள், பிறகு வாஷ்

பச்சை நன்கு காய்ந்ததும் மினுக்க வார்னிஷ் ஒரு பூச்சு. அதன் மேல் இலக்கங்களை ஒட்டுங்கள். 1945 ஏப்ரலில் பேர்லின் பக்கம் போன பல டாங்கிகளின் டரட்டைச் சுற்றி வெள்ளைப் பட்டி இருந்தது. மேலே பறக்கும் நேசநாட்டு விமானங்கள் அடையாளம் காண்பதற்காக. அதை வீரர்களே பிரஷால் பூசினார்கள். ஆகவே நீங்கள் கையால் பூசி ஓரம் கொஞ்சம் கோணினாலும் அது சரியான பட்டிதான்.

இனி வாஷ். கடும் கபில ஒயில் பெயின்ட்டில் ஒரு கடுகளவை எடுத்து டேர்பன்டைனில் கரைத்து, தேயிலைச் சாயம் போல நீர்க்கச் செய்யுங்கள். கூரான பிரஷை அதில் தொட்டு, ஆணித் தலைக்கு அருகில் மெல்ல வையுங்கள். நிறம் தானாகவே மூலைகளிலும் பொருத்துகளிலும் ஓடிப் போகும். முதல் தடவை அதைப் பார்க்கும்போது வரும் சந்தோசம் இன்னும் எனக்குக் குறையவில்லை. மினுக்கமான பரப்பில்தான் இப்படி ஓடும். சொரசொரப்பான பரப்பில் பரவிக் கறையாகிவிடும். வார்னிஷ் பூசியது அதற்காகவும்தான்.

கீழே அக்ரிலிக், மேலே ஒயில் என்ற இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். காய்ந்த அக்ரிலிக்கை டேர்பன்டைன் கரைப்பதில்லை. அதனால் பிடிக்காத வாஷை அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் துடைத்தெடுக்கலாம். துடைக்கும்போது பிரஷ் மேலிருந்து கீழே போகட்டும், மழைத்தண்ணீர் போகும் வழியில்.

மூன்று நாள் காயவிட்டு மற் வார்னிஷ்.

படி 5: வெயிலில் மங்கவைத்தல்

ஒயில் பெயின்ட்டை ஒரு காட்போட் துண்டில் பிதுக்கி அரை மணித்தியாலம் விடுங்கள். எண்ணெயைக் காட்போட் உறிஞ்சிக்கொள்ளும், பெயின்ட் மினுங்காமல் காயும். வெள்ளை, காவி மஞ்சள், கபிலம் மூன்றிலும் ஊசிமுனை அளவு புள்ளிகளைப் பரப்பில் அங்கங்கே வையுங்கள். டேர்பன்டைன் தொட்டு ஒற்றியெடுத்த பிரஷால் இழுத்துக் கரைத்துவிடுங்கள். நிமிர்ந்த சுவர்களில் கீழ்நோக்கி; மேல்தட்டில் வட்டமாகத் தட்டி. மேல்தட்டில் வெளிர் நிறம் கூடுதல், கீழே கபிலம் கூடுதல். பெரியப்பாவின் எஞ்சின் மூடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: காயமும் கறளும்

பொதி சுற்றி வரும் பஞ்சு நுரையைக் கிள்ளி, கறுப்பும் செங்கபிலமும் கலந்த அக்ரிலிக்கில் தொட்டு, தாளில் நன்றாக ஒற்றி, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றானதும் ஓரங்களில் மெல்லத் தட்டுங்கள். எங்கே என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். ஓட்டுநர் முன் தட்டிலுள்ள மூடியால் ஏறுவார், அங்கே. டரட் மூடிகளின் ஓரத்தில். ரி-34இன் மேல் காலாட்படையினர் ஏறிப் பயணம் செய்தார்கள்; அவர்கள் பிடித்த கம்பிகளிலும், சப்பாத்து உரசிய எஞ்சின் தட்டிலும். யாரும் தொடாத தட்டையான நடுப்பகுதியில் காயம் எதற்கு?

கறளில் எங்கள் ஊர் கண் நம்மை ஏமாற்றும். கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குக் கறள் என்றால் உப்புக் காற்றில் அரித்து உதிரும் கேற்றும் ஓட்டை விழுந்த தகரமும்தான். அந்த டாங்கிகளில் பல ஒரு வருடம்கூட நின்று பிடிக்கவில்லை. கனத்த இரும்பு அதற்குள் அப்படி உதிராது. பின்பக்கத்துப் புகைக் குழாய்கள் இரண்டுக்கும் தாராளமாகக் கறள் பூசுங்கள், சூட்டில் பெயின்ட் நிற்காது. மட்காட்டின் மெல்லிய தகரத்துக்குக் கொஞ்சம். மற்ற இடங்களில் பழைய காயங்களிலிருந்து வழிந்த மெல்லிய கோடு நாலைந்து போதும்.

படி 7: புழுதியும் சேறும்

சோக்குப் பாஸ்டலைச் சாண்ட் பேப்பரில் உரசித் தூளாக்குங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு. நிறத்தை இங்கே பார்த்து எடுக்க வேண்டாம். எங்கள் கிறவல் வீதியின் செம்மண்ணை உக்ரேனில் ஓடிய டாங்கிக்குப் பூசினால் வாகனம் ஊர் மாறிவிடும். அங்கே கரிசல் மண். ஈரத்தில் கறுப்பு, காய்ந்தால் சாம்பல் ஓடிய கபிலம். சேறு ஒட்டும் விதத்தை மட்டும் படுவான்கரையில் படியுங்கள்.

புழுதிக்கு: தூளை உலர்ந்த பிரஷால் மூலைகளில் இட்டு, டேர்பன்டைன் ஒரு துளியை அருகில் வையுங்கள், ஊறிப் பிடித்துக்கொள்ளும். சேற்றுக்கு: தோட்டத்து மண்ணை வெயிலில் காயவைத்து மெல்லிய சீலையில் சலித்து, பாஸ்டல் தூள், வெள்ளைப் பசை, தண்ணீர் சேர்த்துக் குழையுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். முதலில் வெளிறிய கலவையைச் சில்லுகளுக்குப் பின்னாலும் மட்காட்டின் உள்ளும் அப்புங்கள். காய்ந்தபின், அதைவிடக் கறுத்த கலவையை அதன் நடுவில் மட்டும், குறைந்த இடத்தில். கடைசியாக ஈரச் சேறாகத் தெரிய வேண்டிய ஒன்றிரண்டு இடத்துக்கு மினுக்க வார்னிஷ் துளி. மட்காட் மட்டத்துக்கு மேலே சேறு தெறிக்கலாம், அப்பிக் கிடக்காது.

படி 8: சங்கிலி

கடும் கபிலம் பூசி, சேற்றுத் தூளை எல்லா இடுக்கிலும் நிரப்பி, மேலே ஒட்டியதை விரலால் துடைத்துவிடுங்கள். ஓடும் டாங்கியின் சங்கிலி செம்மஞ்சளாகக் கறள் பிடிப்பதில்லை, நிலம் அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். நிலத்தைத் தொடும் மேடுகளில் 6பி பென்சில் கரியை விரலில் எடுத்துத் தேயுங்கள், தேய்ந்த இரும்பின் மினுக்கம் வந்துவிடும். உட்புறத்தில் அவ்வளவு தேய்க்க வேண்டாம். ரி-34/85இன் சில்லு ரப்பர் ஓரத்தோடு ஓடுவது; அது சங்கிலியைத் துடைத்து வைக்கும், சுரண்டாது. சங்கிலியைப் பூட்டியபின், கை பிடிக்கும் கம்பிகளிலும் ஓட்டுநர் மூடியின் விளிம்பிலும் அதே பென்சிலை ஒரு தடவை மெல்ல ஓட்டுங்கள்.