முதல் மார்ஃபின் சீட்டு: பாலியேட்டிவ் மெடிசினில் புதிதாகச் சேர்ந்த ஜூனியர்களுக்கு

பாலியேட்டிவ் மெடிசினில், அதாவது வலியும் வேதனையும் தணிக்கும் மருத்துவத்தில், எம்.டி. படிப்புக்கு இந்தியாவில் அங்கீகாரம் கிடைத்ததே 2010இல்தான். மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் முதல் மாணவர்கள் சேர்ந்தது 2012இல். சர்ஜரிக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் கிழிந்த நோட்டு மாதிரி நமக்கு எதுவும் கிடையாது. எனவே மூன்றாம் ஆண்டில் இருக்கும் நான், முதலாண்டில் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்ததை எழுதி வைக்கிறேன். இது சீனியர் பக்கத்தில் இருக்கும் பயிற்சி டாக்டர்களுக்கானது. வீட்டில் யாருக்கோ வலி என்று தேடி வந்தவர்கள் இதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

படி 1: வலியை அளப்பது

‘பத்துக்கு எத்தனை?’ என்று கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் ‘ரொம்ப வலிக்குது’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘பத்துக்கு இருபது’ என்பார்கள். நான் ரூபாய்க் கணக்கில் கேட்கிறேன். ‘தாங்கவே முடியாத வலி ஒரு ரூபாய் என்றால், இப்போது நாலணாவா, எட்டணாவா, முக்கால் ரூபாயா?’ அறுபது தாண்டியவர்கள் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுகிறார்கள். சிறு வயதுக்காரர்களிடம் இது செல்லாது, அவர்களுக்கு எண்ணே போதும். அப்புறம், எரிச்சல், ஷாக் அடிக்கிற மாதிரி, மரத்துப்போய் வலிக்கிறது என்று சொன்னால் அது நரம்பு வலி. அதற்கு மார்ஃபின் மட்டும் போதாமல் போகலாம். அமிட்ரிப்டிலினோ பிரிகாபலினோ சேர்க்க வேண்டியிருக்கும்.

படி 2: பழைய சீட்டு

மார்ஃபின் வகையிலேயே வீரியம் குறைந்த டிரமடால் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். மார்ஃபினும் டிரமடாலும் சேர்ந்து எழுதிய சீட்டுகள் வாரம் ஒன்றாவது என் கண்ணில் படுகின்றன. பாராசிட்டமால் தொடரலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள். மார்ஃபின் உடைந்து வரும் பொருள்களை வெளியேற்றுவது சிறுநீரகம். அது சரியில்லை என்றால் அளவைக் குறைத்து இடைவெளியைக் கூட்ட வேண்டும், அல்லது அதே வகையைச் சேர்ந்த ஃபென்டனில் பக்கம் போக வேண்டும். அந்த இடத்தில் சீனியரைக் கேளுங்கள்.

படி 3: கணக்கு

இது எளிது. டிரமடால் நாளுக்கு 400 மி.கி. வரை போயும் வலி அடங்காதவருக்கு மார்ஃபின் 10 மி.கி., நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. இதுவரை ஓப்பியாய்டே (மார்ஃபின் வகை மருந்தே) எடுக்காதவருக்கு 5. மெலிந்த முதியவருக்கு 2.5. இரவு 10 மணிக்கு இரட்டை அளவு கொடுத்துவிட்டால் 2 மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை. ஆக 10 மி.கி. ஆளுக்கு ஒரு நாள் மொத்தம் 60. இடையில் வலி பொத்துக்கொண்டு வந்தால் கொடுக்க, மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இன்னொரு 10.

படி 4: நேரம்

நான் விழுந்த இடம் இது.

முதலாண்டில் வாய்ப்புற்றுநோய் வந்த ஒரு ஐயாவுக்குச் சீட்டு எழுதினேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதற்கு டாக்டர்கள் போடும் ‘கியூ4ஹெச்’ சுருக்கத்தை எழுதினால் யாருக்குப் புரியும் என்று, கொஞ்சம் பெருமையோடு, தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன்: ‘4 மணிக்கு ஒருமுறை, 1 மாத்திரை. ராத்திரி 2.’ ஒரு வாரத்துக்கு 42 மாத்திரை. மூன்று நாள் கழித்து மகன் போன் செய்தார். ‘வலி அப்படியே இருக்கு டாக்டர், அப்பா தூங்கவே இல்லை.’ நான் அளவை ஒன்றரையாக ஏற்றச் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த சீனியர், ‘முதல்ல மிச்சத்தை எண்ணச் சொல்லு’ என்றார்.

முப்பத்தாறு இருந்தது.

பதினெட்டு போயிருக்க வேண்டிய இடத்தில் ஆறுதான் போயிருக்கிறது. ‘4 மணிக்கு ஒருமுறை’ என்பதை அந்த வீட்டு அம்மா நாலு மணிக்கு என்று படித்திருக்கிறார். சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து இன்னொன்று. ‘4’ என்பது மணி என்றால் ‘ராத்திரி 2’ என்பதற்கு வேறென்ன பொருள் இருக்க முடியும்? தப்பு அவருடையது இல்லை, என் வாக்கியத்துடையது. அன்றைக்கு நான் அளவை ஏற்றியிருந்து, பிறகு யாராவது நேரத்தைச் சரிசெய்திருந்தால், அந்த உடம்பு அதுவரை பார்க்காத அளவு ஒரே நாளில் உள்ளே போயிருக்கும்.

அதிலிருந்து ‘மணிக்கு ஒருமுறை’ என்ற சொல்லே என் சீட்டில் கிடையாது. மணியை எழுதிவிடுவேன்: காலை 6, காலை 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. மாதக் காலண்டரின் பின்பக்கம் பெரிய வெள்ளைத் தாள், அதில் ஸ்கெட்ச் பேனாவால் ஐந்து கட்டம். படிக்கத் தெரியாத வீட்டில் சூரியன், நிலா. ஐந்து சிறிய கவர்கள், இரவுக் கவரில் மட்டும் இரண்டு மாத்திரை. இடைவலி மாத்திரை வேறு நிறக் கவரில். அதை எடுக்கும்போதெல்லாம் தாளின் ஓரத்தில் ஒரு கோடு. மருந்து நினைவூட்டும் செயலிகளைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். செயலி இருக்கும் போன் மகனோடு வேலைக்குப் போய்விடும், மாத்திரை கொடுப்பவர் வீட்டில் இருப்பார். காலண்டர் தாள் சுவரை விட்டு எங்கும் போகாது.

கடைசியாக, மாத்திரை கொடுக்கப் போகிறவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் எதிரில் தலையாட்டும் மகன் பெரும்பாலும் அந்த ஆள் இல்லை.

படி 5: மலச்சிக்கல்

மார்ஃபின் எழுதும் கை மலமிளக்கியையும் எழுத வேண்டும், அதே சீட்டில், அதே நாளில். மயக்கமும் குமட்டலும் சில நாளில் பழகிப்போகும், மலச்சிக்கல் பழகாது. என் தேர்வு இரவில் பைசகோடில் 10 மி.கி. இசப்கோல் எனக்குப் பிடிக்காது. தண்ணீரே இறங்காதவருக்கு நார்ச்சத்தைக் கொடுத்தால் அது உள்ளே கட்டியாகும். ‘ஐந்து நாளாகப் போகவில்லை, இன்றைக்குத் தண்ணியாகப் போகிறது’ என்றால் பேதி என்று முடிவுகட்டாதீர்கள். இறுகிய மலத்தின் ஓரமாகக் கசிவதாக இருக்கலாம். கையுறை போட்டுப் பரிசோதித்த பிறகு பேசுங்கள்.

குமட்டலுக்கு முதல் வாரம் மெட்டோகுளோப்ரமைடு, குடல் அடைப்பு இல்லை என்று பார்த்துவிட்டு.

படி 6: ‘இது கடைசி மருந்தா டாக்டர்?’

கேட்பார்கள். கேட்காவிட்டாலும் மனதில் இருக்கும், அதனால் நீங்களே எடுத்துவிடுங்கள். வலி இருப்பதால் இந்த மருந்து, நாள் குறைந்ததால் அல்ல என்று சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் நிறையத் தூங்கலாம் என்றும் முன்கூட்டியே சொல்லுங்கள், வாரக்கணக்கில் தூங்காத உடம்பு அது. தட்டினால் எழுந்து பேசுகிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். எழுப்ப முடியவில்லை, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிவிட்டது, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே என்றால்தான் அது நஞ்சு, அதற்கு முறிவு மருந்து நாலாக்சோன். கைகால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தால் கிரியாட்டினினைத் திரும்பப் பாருங்கள்.

படி 7: இரண்டு நாள் கழித்து

முதலில் மாத்திரையை எண்ணுங்கள். பிறகு ஓரத்துக் கோடுகளை எண்ணுங்கள். நாளுக்கு மூன்று கோடு என்றால் 60 உடன் 30 சேர்த்து 90, அதை ஆறால் வகுத்தால் 15. ஒரு வேளைக்கு ஒன்றரை மாத்திரை, இரவு மூன்று. இடைவலி அளவையும் 15 ஆக்க மறக்காதீர்கள், எல்லாரும் மறப்பது இதைத்தான். புண்ணுக்குக் கட்டுப் போடும் முன் எடுத்த மாத்திரையை இந்தக் கூட்டலில் சேர்க்க வேண்டாம். அது அந்த அரை மணி வேதனைக்கானது.

பின்சேர்க்கை 1: மூக்குக் குழாய் வழியே கொடுக்கலாமா என்று ஒரு ஜூனியர் கேட்டார். சாதா மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துத் தரலாம். 12 மணி நேர ஸ்லோ ரிலீஸ் மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, அரை நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

பின்சேர்க்கை 2: ‘எங்கள் ஊர் மெடிக்கலில் கிடைக்கவில்லை’ என்று பலர். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்திய பிறகு, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட பல உரிமங்களுக்குப் பதிலாக, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற ஒரே அனுமதி போதும். பெரும்பாலும் அந்த அனுமதி உள்ள மருத்துவமனையிலிருந்துதான் வாங்க வேண்டியிருக்கும். அங்கே பதிவேட்டில் ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு உண்டு. வீட்டில் மிஞ்சியதைக் குப்பையில் போடாமல் கொண்டுவந்து தரச் சொல்லுங்கள். நோயாளி இறந்த பிறகு இதைப் போனில் கேட்பது கஷ்டம். நான் முதல் சீட்டு எழுதும் அன்றே, காலண்டர் தாளின் அடியில் ஒரு வரியாக எழுதிவிடுகிறேன்.