தலைக்குக் கரண்ட் வைத்தவர்கள் பழைய சீட்டைத் தேடி எடுங்கள்

35 வயதில், காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்று டாக்டரிடம் போனேன். "முன்னாடி ஏதாவது வியாதி இருந்துச்சா?" என்றார். "ஒண்ணும் இல்லை" என்றேன். 7 வயதில் ரத்தப் புற்றுநோய்க்காகத் தலைக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தது ஆறிப்போன கதை என்றே நினைத்திருந்தேன். மாத்திரையிலேயே 8 மாதம் ஓடியது. பிறகு வலிப்பு வந்தது, ஸ்கேன் எடுத்தார்கள். மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி, இரண்டு.

இந்தக் கட்டி யாருக்கும் வரக்கூடியதுதான், பெரும்பாலும் புற்றும் அல்ல. ஆனால் கதிர்வீச்சால் வருவது பல வருடம் பதுங்கியிருக்கும். 20, 30 வருடம்கூட. ஒன்றுக்கு மேல் முளைப்பதும், வேகமாக வளரும் ரகமாக இருப்பதும் இதில் அதிகம். இஸ்ரேலில் 1950களில் தலைப் படர்தாமரைக்காகச் சிறுவர்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். மூளைக்குப் போனது சராசரியாக 1.5 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). அவர்களுக்கு மெனிஞ்சியோமா ஒன்பது மடங்குக்கு மேல் வந்ததாக 1988இல் வெளியான ஆய்வு சொன்னது. எனக்குக் கொடுத்தது 18 கிரே.

இந்த 18 எனக்குத் தெரிந்தது கட்டி வந்த பிறகுதான். நீங்கள் இப்போதே தேடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "கதிர்வீச்சு தரப்பட்டது" என்று ஒரு வரிதான் இருக்கும், அது போதாது. கதிர்வீச்சுப் பிரிவுக்கே எழுதிக் கேளுங்கள்: மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தவணை, தலையில் எந்தப் பகுதி, எந்தத் தேதிகளில். ஃபைலை அழித்துவிட்டோம் என்றால் அம்மாவிடம் உட்காருங்கள். என் அம்மாவுக்கு ஊதா மையில் கன்னத்தில் போட்ட கோடுகூட நினைவிருந்தது.

அந்தச் சீட்டோடு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கும் ஸ்கேன் வேண்டுமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கேட்டு முடிவு செய்யுங்கள். எடுப்பதானால் கான்ட்ராஸ்ட் ஊசி போட்ட எம்.ஆர்.ஐ. சிடியை வீட்டில் வையுங்கள், அடுத்த முறை ஒப்பிட அதுதான் வேண்டும். புதிதாக வலிப்பு, பார்வை மங்கல், வாசனை தெரியாமை என்றால் தள்ளிப்போடாதீர்கள். பெண்கள் ஹார்மோன் மருந்துக்கு முன்பும் தலைக்குக் கரண்ட் வைத்ததைச் சொல்லுங்கள். மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் ஊசி, சைப்ரோட்டிரோன் மாத்திரை இரண்டில் எதை நெடுநாள் எடுத்தாலும் இந்தக் கட்டிக்கான வாய்ப்பு கூடுகிறது.

அறுவை சிகிச்சை என்றால் சர்ஜனிடம் சீட்டை நீட்டுங்கள். கரண்ட் பட்ட தோல் மெதுவாகத்தான் ஆறும். மறுபடி கதிர்வீச்சு கொடுப்பதானால் பழைய அளவையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். எனக்குப் பெரியதை எடுத்தார்கள். இன்னொன்று 9 மில்லிமீட்டர், வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம்.