பெர்ரியில் லைன் போனாலும் விலைப்பட்டியல் தெரிய: ஓகே எச்டிடிபி

பினாங்கு லெபோ பாசாரில் இருக்கும் மாமாவின் மளிகைக் கடைக்கு ஒரு ஆண்ட்ராய்டு செயலி எழுதினேன். சர்வரிலிருந்து விலைப்பட்டியலை இழுக்க அதில் ஓகே எச்டிடிபி என்கிற லைப்ரரியை வைத்தேன். பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறும்போதே விலை பார்க்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. நடுக்கடலில் என் லைன் தள்ளாடும். கோட்லின் நிரல்மொழியின் அடிப்படை தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் முகவரி. கூட்டல் குறி போட்டு யுஆர்எல் ஒட்டாதீர்கள். கடையில் "உப்பு & மிளகு" என்று ஒரு பாக்கெட் உண்டு. நான் ஒட்டிய யுஆர்எல், & வந்த இடத்தில் அறுந்து சர்வருக்கு உப்பு மட்டும் போனது. லைப்ரரியின் எச்டிடிபியுஆர்எல் பில்டரில் ஆட்குவெரிபாராமீட்டர் கொடுங்கள், குறியேற்றத்தை, அதாவது எழுத்துகளை யுஆர்எல் ஏற்கும் வடிவுக்கு மாற்றுவதை, அது பார்த்துக்கொள்ளும். யுடிஎஃப்-8இல் 'அ' ஒன்றே மூன்று பைட், கையால் செய்கிற வேலை இல்லை.

அடுத்து கேச், அதாவது வந்த பதிலைப் போனிலேயே சேமித்து வைப்பது. சும்மா இருந்தால் எதுவும் சேமிக்கப்படாது. ஃபோல்டரும் அளவும் நாம்தான் தர வேண்டும். எனக்கு 10 மெகாபைட் தாராளம். செயலி முழுக்க ஒரே ஓகே எச்டிடிபி கிளையண்ட் போதும். பதில் எவ்வளவு நேரம் செல்லும் என்பதைச் சர்வர் கேச்-கண்ட்ரோல் தலைப்பில் மேக்ஸ்-ஏஜ் ஆக அனுப்பட்டும். லைன் இல்லாதபோது கோரிக்கையில் ஃபோர்ஸ்-கேச் வைத்தால் கேச்சிலிருந்து காலாவதியான பதிலும் கிடைக்கும், அங்கே ஒன்றுமே இல்லையென்றால் 504 என்ற பிழைக் குறியீடு.

எனக்கு அந்த 504தான் வந்தது. வீட்டு வைஃபையில் சரி, பெர்ரியில் 504. இரண்டு நாள் மண்டை காய்ந்தது. செயலி திறந்ததும் பட்டியலை முன்கூட்டியே இழுத்து, 200 (வெற்றிக் குறியீடு) வந்ததா என்று மட்டும் பார்த்துப் பதிலை மூடிவிட்டிருந்தேன். பதிலின் உடலை (பாடி) கடைசி பைட் வரை படித்தால்தான் கேச்சில் ஏறும். பாதியில் மூடினால் மிச்சத்தை இழுக்க லைப்ரரி 100 மில்லிசெகண்ட் முயலும், முடியாவிட்டால் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிடும். வைஃபைக்கு அந்த நேரம் போதும், துறைமுகத்து லைனுக்குப் போதவில்லை. ஒரு வரி, பாடியை ஸ்ட்ரிங்காகப் படித்தேன், தீர்ந்தது.

எச்டிடிபிஎஸ் இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் பற்றிச் சுருக்கமாக. பிரவுசரில் திறக்கும் தளம் செயலியில் சான்றிதழ் பிழை காட்டினால், பெரும்பாலும் தளத்தின் சான்றிதழை நம்பகமான மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழைச் சர்வர் அனுப்பவில்லை. சர்வரில் போய் முழுச் சான்றிதழ் சங்கிலியை வையுங்கள். "எல்லாவற்றையும் நம்பு" என்கிற டிரஸ்ட்மேனேஜரை ஒட்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பிற்சேர்க்கை: எமுலேட்டரில் 10.0.2.2 (நம் கணினியைக் குறிக்கும் முகவரி) திறக்கவில்லை என்று இருவர் கேட்டார்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் வெறும் எச்டிடிபி (குறியாக்கம் இல்லாதது) இயல்பாகவே தடை. சோதனைக்கான டிபக் பில்டின் நெட்வொர்க் செக்யூரிட்டி கோப்பில் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.