‘பொம்மை வீடு’ நாடகத்தைப் பற்றி வாதக் கட்டுரை எழுதுவது எப்படி?

நாடகம் ஒன்றைப் பற்றி வாதக் கட்டுரை எழுத உட்காரும் மாணவர்களில் பலர் முதல் பக்கம் முழுவதையும் கதைச் சுருக்கத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் கட்டுரையைப் படிப்பவர் அந்த நாடகத்தை முன்பே படித்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கதை தெரியும். நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்பதுதான் தெரியாது. நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன் எழுதி, 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் முதன்முதலாக மேடையேறிய ‘பொம்மை வீடு’ நாடகத்தைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

‘இது திருமண வாழ்வைப் பற்றிய நாடகம்’ என்று எழுதினால் அதை மறுக்க யாரும் வரமாட்டார்கள். ஆகவே அது வாதமும் ஆகாது. ‘மூன்றாம் அங்கத்தில் கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டுப் புறப்படும் நோரா திடீரென்று மாறியவள் அல்லள், அவள் முதல் அங்கத்திலேயே நம் கண்முன் இருக்கிறாள்’ என்று எழுதிப் பாருங்கள். உடனே ஒருவர் ‘இல்லை’ என்பார். அந்த மறுப்புக்கு இடம் தரும் வாக்கியத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும். நாடகத்தை இரண்டாம் முறை படிக்கும்போது உங்களுக்கு எங்கே உறுத்துகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு இடுங்கள். என் அனுபவத்தில் நல்ல வாதங்கள் அந்தக் கோடுகளிலிருந்துதான் பிறக்கின்றன.

அடுத்தது சான்று. கட்டுரையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பதால் இங்கே அவசரப்படாதீர்கள். நோய்வாய்ப்பட்ட கணவனை இத்தாலிக்கு அழைத்துச் செல்வதற்காக, தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டு 4,800 குரோனர் கடன் வாங்கியவள் நோரா. அதை அடைப்பதற்காக ஒரு குளிர்காலம் முழுவதும் கதவைப் பூட்டிக்கொண்டு இரவு நெடுநேரம் படியெடுக்கும் வேலை செய்ததையும், அப்படி உழைத்துச் சம்பாதித்தபோது தான் ஓர் ஆணைப் போலவே உணர்ந்ததையும் அவள் முதல் அங்கத்தில் மகிழ்ச்சியோடு சொல்கிறாள். இதை எடுத்துக்காட்டியதோடு நின்றுவிடாமல், அவள் அதை யாரிடம் சொல்கிறாள் என்றும் கேளுங்கள். தோழி லிண்டேயிடம் சொல்கிறாள். கணவன் ஹெல்மருக்கு முன்னாலோ, தின்ற மாக்கரூன் என்ற இனிப்பைக்கூட வாயைத் துடைத்து மறைக்கிறாள். ஒரே அங்கத்தில் இருக்கும் இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வீட்டுக்குள் இரண்டு நோராக்கள் இருப்பதும், அவர்களில் ஒருத்தியை மட்டுமே ஹெல்மர் அறிந்திருப்பதும் வாசகருக்குத் தாமாகவே விளங்கும்.

ஒரு சொல்லும் சான்றாகலாம். மூன்றாம் அங்கத்தில் நோராவின் கையெழுத்து மோசடி ஹெல்மருக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு, கடன் கொடுத்தவரிடமிருந்து கடன் பத்திரம் திரும்பி வந்ததும் ஹெல்மர், ‘நான் பிழைத்தேன்’ என்று கூவுகிறான். ‘நான்?’ என்று நோரா கேட்கிறாள். நீயும்தான் என்கிறான் அவன். ‘நாம்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘நான்’ வந்ததைச் சுட்டிக்காட்டி, அதற்குச் சில வரிகள் முன்புவரை அவன் அவளை எப்படியெல்லாம் ஏசினான் என்பதையும் சேர்த்து எழுதினால், அந்த ஒரு பத்தி பொதுவான வருணனை பத்துப் பக்கங்களை விட வலுவாக நிற்கும். மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு சொற்களும் பக்க எண்களும் மாறும். ஆகவே எந்தப் பதிப்பு என்பதோடு எந்த அங்கம் என்பதையும் குறிப்பிடுங்கள்.

எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துவைப்பதுதான் நேர்மை. தன் மோசடியைச் சொல்லும் கடிதத்தைக் கணவன் எடுத்துவிடாதபடி பதற்றத்தில் டாரன்டெல்லா என்ற இத்தாலிய நடனம் ஆடிய பெண், அடுத்த நாள் இரவே மேசைக்கு எதிரே அமர்ந்து வழக்கறிஞரைப் போலப் பேசுவது எப்படி என்று கேட்பவர் அற்பமான கேள்வி எதையும் கேட்கவில்லை. அவள் பேச்சின் தொனி மாறியிருப்பதை ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு, லிண்டேயிடம் முன்பே பேசிய அதே குரலில்தான் இப்போது முதன்முறையாகக் கணவனிடமும் பேசுகிறாள் என்று காட்டுங்கள்.

நாடகத்துக்கு வெளியே உள்ள செய்திகளை அளவோடு பயன்படுத்துங்கள். 1880இல் ஜெர்மானிய மேடைக்காக, நோரா குழந்தைகளை விட்டுப் போக மனமின்றித் தங்கிவிடுவதாக இப்சன் வேறொரு முடிவை எழுதிக் கொடுக்க நேர்ந்தது. நோராவாக நடிக்க இருந்த நடிகை அசல் முடிவை ஏற்க மறுத்ததே அதற்குக் காரணம். பெண்ணுரிமை இயக்கத்துக்காக உணர்ந்து உழைத்தவன் தான் அல்லன் என்று 1898இல் அவரே ஒரு விருந்தில் பேசியிருக்கிறார். இவை உங்கள் வாதத்துக்குத் துணை நிற்கலாம். ஆனால் மேடையில் பேசப்படும் வரிக்கு ஈடாகா.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். முடிவுரையில் சொன்னதையே திரும்பச் சொல்லாமல், உங்கள் வாதம் சரியென்றால் நாடகத்தில் வேறு எந்த இடத்தை இனிப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும் என்று காட்டுங்கள். நோரா முன்பே இருந்தவள் என்றால், அவள் போன பின் தனியே அமர்ந்திருக்கும் ஹெல்மர் கடைசி நொடியில் கொள்ளும் நம்பிக்கைக்கு என்ன பொருள், அதன் மேல் கீழிருந்து வந்து விழும் கதவுச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று அங்கே எழுதலாம்.