கறுப்புத் திரையும் 4800 ரேமும்

புதுக் கணினி ஒன்றை நானே பூட்டினேன்: ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு. எல்லாம் பூட்டி பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. போர்டில் டிராம் விளக்கு (ரேம் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டுவது) எரிகிறது. ரேம் போச்சு என்று உடனே கழற்ற வேண்டாம். முதல் தடவை மெமரி டிரெயினிங் (ரேமோடு ஒத்துப்போகக் கணினி தன்னைச் சரிசெய்துகொள்வது) நடக்கும், சில நிமிடங்கள் ஆகலாம். காத்திருந்தேன், பயாஸ் (போர்டின் அமைப்புத் திரை) வந்தது. (நான்கு ஸ்லாட் இருந்தால் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4-இல்தான் ரேம் போட வேண்டும்.)

அப்புறம் கேம் திக்கித் திக்கி ஓடியது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 6000 வேக ரேம் 4800-இல் நிற்கிறது! பெட்டியில் அச்சடித்த வேகம் தானாக வராது. பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அந்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்ய வேண்டும். செய்தேன், மறுபடி டிரெயினிங், மறுபடி கறுப்புத் திரை, பிறகு 6000. திக்கலும் பெருமளவு குறைந்தது.