சீண்டும் நூலுக்கு எதிர்வினை எழுதுவது எப்படி?

பாளையங்கோட்டையில் வாசகர் வட்டம் நடத்துவோர், பிரிட்டனின் ‘மெயில் ஆன் சண்டே’ ஞாயிறு இதழின் பத்தியாளர் பீட்டர் ஹிட்சன்ஸின் நூலுக்கு எதிர்வினை எழுதும் முன், அவர் சொன்னதையும் தமக்கு எழுந்த கோபத்தையும் தனித்தனித் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் பற்றி அவர் 2018-இல் வெளியிட்ட நூல், 1939 மார்ச்சில் பிரிட்டன் போலந்துக்கு அளித்த உறுதிமொழியைப் பிழை என்கிறது. அதனால் அவர் ஹிட்லரை ஆதரித்தார் என்று எழுதிவிட்டால் மறுப்பு வலுவிழந்துவிடும். பக்க எண்ணோடு அவருடைய வாதத்தை நேர்மையாகச் சுருக்கிய பிறகே மறுக்கத் தொடங்குங்கள்.

1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்களைக் கலந்தாலோசிக்காமலே இந்தியாவைப் போரில் இணைத்தார் என்பதையும் அருகில் வைத்துப் பாருங்கள். யாரைக் கேட்டு இந்தியாவைப் போரில் இணைத்தார்கள் என்ற கேள்வியை, 1908-இல் வ.உ.சி. தண்டிக்கப்பட்ட திருநெல்வேலியில் விட்டுவிட முடியாது. கூட்டத்தில், நூலை ஏற்றவர் முதலில் பேசட்டும்.