எழுதியதை மறப்பது எப்படி?

எழுதி முடித்ததும் கொஞ்ச நாள் ஆறப்போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் இட்லி மாவைக் காட்டுவார்கள். மாவு தானாகப் பொங்கும். கணினியில் கிடக்கும் கதை ஓர் எழுத்துகூடப் பொங்காது. இடையில் மாறுவது நாம்தான். எழுதும்போது மனதில் ஓடியதெல்லாம் மறந்து, தாளில் இருப்பது மட்டும் கண்ணில் படுகிற நிலைக்கு வர வேண்டும். அதற்குத்தான் இந்த இடைவெளி. அதனால் எத்தனை நாள் போட்டுவைத்தோம் என்பதைவிட எவ்வளவு மறந்தோம் என்றுதான் பார்க்க வேண்டும்.

நான் ப்ரூஃப் பார்த்துப் பிழைப்பவள். அடுத்தவர் எழுத்தில் மூன்று வரிக்குள் மூன்று 'கூறினார்' வந்தால் என் பேனா தானாக நின்றுவிடும். சொந்தக் கதையில் அதே 'கூறினார்' வரிசைகட்டி நின்றாலும் சூடு தணியும்வரை தெரியாது. அடுத்து என்ன வருகிறது என்று முன்பே தெரிவதால் மனம் படிக்காமலே தாண்டிப் போகிறது. முதலாம் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்த குயின்டிலியன், எழுதியதைச் சில காலம் எடுத்துவைத்துவிட்டு, யாரோ எழுதிய புதுச் சரக்கைப் பார்ப்பதுபோல அதனிடம் திரும்புவதே திருத்தத்தில் சிறந்த வழி என்றார். அவருக்கும் முந்திய ரோமக் கவிஞர் ஹொரேஸ் ஒன்பதாம் ஆண்டுவரை வெளியே விடாதே என்றே எழுதிவிட்டார். ஒன்பது வருடம் பொறுக்கும் பத்திரிகை ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

என் கணக்கு இது: ஆயிரம் சொல் கட்டுரைக்குக் குறைந்தது ஓர் இரவு, முடிந்தால் ஒரு வாரம். சிறுகதைக்கு மூன்று வாரம். நாவல் என்றால் இரண்டு மாதமாவது கண்ணில் படக் கூடாது. அழுதுகொண்டே எழுதியது எதுவாக இருந்தாலும் இதில் இரண்டு மடங்கு.

முடித்த அன்று செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கோப்பை மூடுவது. அதன் பெயரிலேயே திறக்கும் தேதியையும் சேர்த்துவிடுங்கள், 'பெட்டிக்கடை, தை 10க்குப் பிறகு' என்பதுபோல. கைபேசியிலும் அதே கோப்பு திறக்கும் என்றால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். பேருந்தில் உட்கார்ந்து சும்மா ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் வரிகளெல்லாம் மறுபடி மனப்பாடமாகிவிடும். அப்புறம், முக்கியமாக, நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். "சூப்பர், கடைசி வரி கண் கலங்கிருச்சு" என்று ஒருவர் எழுதிவிட்டால் போதும், வெட்டியே ஆக வேண்டிய அந்தக் கடைசி வரியை ஆயுளுக்கும் வெட்ட மனம் வராது.

இடைப்பட்ட நாட்களில் சும்மா இருந்தால் மறக்காது. வேறு ஏதாவது எழுதுங்கள், அதுவும் வேறு மாதிரியானதாக. கதை எழுதியிருந்தால் ஒரு சமையல் குறிப்போ, சங்கக் கூட்ட அறிக்கையோ எழுதலாம். குளிக்கும்போது அந்தக் கதைக்கு அருமையான வரி ஒன்று உதித்தால் துண்டுச்சீட்டில் குறித்து டப்பாவில் போட்டுவையுங்கள். கோப்பைத் திறக்க அது சாக்காகிவிடக் கூடாது. (டப்பாவில் சேர்ந்த சீட்டுகளில் பாதியைப் பிறகு தூக்கித்தான் போடுவோம். பரவாயில்லை.)

நாள் வந்ததும் நேராகத் திருத்த உட்காராதீர்கள். முதலில் எழுத்தின் முகத்தை மாற்ற வேண்டும். வேறு எழுத்துருவில், கொஞ்சம் பெரிதாக, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம்விட்டு அச்செடுங்கள். எழுதிய மேசையில் படிக்காமல் திண்ணை, மொட்டைமாடி என்று எங்காவது போங்கள். முதல் வாசிப்பில் சொல்லை மாற்றக் கூடாது. அலுத்த இடத்தில் ஒரு கோடு, புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான்.

பெட்டிக்கடை மூடப்பட்டதைப் பற்றி ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். ஆறியபின் படித்தால் இப்படி ஓர் இடம் கண்ணில் படும்:

"மிட்டாய் பாட்டில்கள் காலியாக இருந்தன. அந்த வெறுமை என் மனதை என்னவோ செய்தது. காலம் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது."

எழுதிய அன்று மூன்று வரியும் முத்தாகத் தெரிந்திருக்கும். இப்போது முதல் வரி மட்டும் போதும் என்று உங்களுக்கே படும். இன்னும் கீழே "சித்தப்பா அன்றே சொன்னார்" என்று இருக்கும். என்ன சொன்னார்? உங்கள் தலைக்குள் இருந்தது, தாளுக்கு வரவே இல்லை. முதல் பத்தியில் கடை வாசலில் கிடந்த பெஞ்சு நாலாவது பத்தியில் திண்ணையாகியிருக்கும். மறுநாள் காலையிலேயே படித்திருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது. விடுபட்டதையெல்லாம் ஞாபகமே நிரப்பிக்கொடுத்திருக்கும்.

இந்தக் கட்டத்தில் எனக்கு உதவுவது நன்னூல். பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தைப் பட்டியலிடுகிறார். அதில் மூன்றை அச்செடுத்த தாளின் மேலேயே எழுதிக்கொள்வேன்: கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். பெட்டிக்கடைக்குப் போன பேருந்துப் பயணத்தைப் பற்றிய இரண்டு பத்தி, மற்றொன்று விரித்தல். நன்றாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து ஒரு பொதுப் பெருமூச்சில் முடிவது சென்று தேய்ந்து இறுதல். இன்று வரும் கதைகளில் நான் அதிகம் பார்ப்பது இந்தக் கடைசிக் குற்றத்தைத்தான்.

பெரிய வெட்டெல்லாம் முடிந்ததும் இன்னொரு முறை ஆறப்போடுங்கள். இந்தத் தடவை குறைவான நாள் போதும். ஒற்று, றகர ரகரம், ஒருமை பன்மை எல்லாம் அதற்கப்புறம்தான். முதல் சுற்றிலேயே 'அதைப் பற்றி'யில் ப் இருக்கிறதா என்று தேடினால், நாளை தூக்கிப்போடப் போகிற பத்திக்கு இன்று பவுடர் பூசுவதாக ஆகிவிடும். எழுத்துப்பிழைக்குக் கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கிப் பத்தி பத்தியாகப் பாருங்கள். கதை கையைப் பிடித்து இழுக்காது.

அளவும் உண்டு. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, எழுத்துக்கும் அது நடக்கும். வருடக்கணக்கில் போட்டுவைத்தால் அதை எழுதிய ஆளே போய்விட்டிருப்பார். திருத்தப் போய் வேறொன்றை எழுத ஆரம்பித்துவிடுவீர்கள். திருத்தத்துக்கும் ஒரு முடிவு வேண்டும் என்று குயின்டிலியனும் அதே இடத்தில் சொல்லிவைத்திருக்கிறார். நேற்று எடுத்த சொல்லை இன்று திரும்ப வைக்கிறீர்கள் என்றால் போதும், அனுப்பிவிடுங்கள். வெட்டியதை வேறொரு கோப்பில் ஒட்டிவைத்தால் வெட்டும் கை நடுங்காது.

சரி, இன்று ராத்திரியே கொடுத்தாக வேண்டும் என்றால்? இரண்டு மணி நேரமாவது எழுந்து போங்கள். துணி மடியுங்கள், கடைக்குப் போய்வாருங்கள். வந்ததும் நீங்கள் படிக்க வேண்டாம், வீட்டில் யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் நீளம். திரும்பப் படிக்கும் இடத்தில் குழப்பம். யாரும் இல்லையென்றால் கைபேசியிலேயே தமிழை வாசித்துக்காட்டும் வசதி இருக்கிறது. அந்தக் குரலுக்கு உங்கள் சோகமும் தெரியாது, நீங்கள் எங்கே அழுத்தம் கொடுக்க நினைத்தீர்கள் என்பதும் தெரியாது. அடுத்தடுத்து இரண்டு 'மேலும்' வந்தால் அது அப்படியே வாசித்துவிட்டுப் போகும், உங்களுக்குத்தான் காது கூசும். அவற்றை மட்டும் திருத்திவிட்டு அனுப்புங்கள்.